பாட்டன் வைத்த பீங்கான் தட்டுக்கு என்ன விலை?

சரக்கைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்வது வியாபாரியின் தொழில். கொல்லிமலை மிளகை ஒரு கை அள்ளிப் பார்த்தே ஈரம் எவ்வளவு, பொக்கு எவ்வளவு, லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கும் என்று சொல்லிவிடக் கூடியவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். காப்பிக் கொட்டையோ, சாமையோ, தினையோ எதுவானாலும் அவர்களை ஏமாற்றிவிட முடியாது. ஆனால் அதே வியாபாரியின் வீட்டுப் பரணில் பெரியவர்கள் விட்டுச் சென்ற பீங்கான் தட்டும் கோப்பையும் இருந்தால், அதற்கு விலை சொல்ல அவருக்குத் தெரிவதில்லை. தெருவில் வருகிறவர் சொல்வதே விலையாகிவிடுகிறது.

பழைய சாமான் வாங்குகிறோம் என்று சொல்லிக் கொண்டு ஊர் ஊராக வருகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பித்தளை அண்டா, மரப்பெட்டி, சுவர்க் கடிகாரம் என்று கேட்டவர்கள் இப்போது பீங்கானும் கேட்கிறார்கள். கேட்பது தவறல்ல, அது அவர்கள் தொழில். விற்கிறவன் தன் சரக்கு இன்னதென்று அறியாமல் விற்பதுதான் தவறு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் தொழிலுக்கென்றே சொன்ன பழமொழி.

குண்டனி நாட்டில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தில் அண்மையில் எழுந்த ஒரு பிரச்சினையே இக்கட்டுரைக்குக் காரணம். அண்ணன் தம்பி மூவர்; தாயார் உயிரோடு இருக்கிறார். பாட்டனார் அந்தக் காலத்தில் ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். அவர் கொண்டு வந்ததாகச் சொல்லப்பட்ட பீங்கான் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பெட்டியோடு கொடுத்தால் புது எவர்சில்வர் செட்டும் கொஞ்சம் ரொக்கமும் தருகிறேன் என்றார். மூத்தவர் கொடுத்துவிடலாம் என்றார். இளையவர், இது பல லட்சம் பெறும், அண்ணன் ஏமாறப் பார்க்கிறார் என்றார். பாகப் பிரிவினையே இதனால் நின்றுபோனது. கடைசியில் தாயார், "ஐயா, நீங்களே பார்த்து ஒரு வழி சொல்லுங்கள்" என்று நம்மிடம் கேட்டார்.

நாம் மிளகு வியாபாரிதான். பீங்கான் நிபுணர் அல்ல. ஆனால் சரக்கைத் தரம் பிரித்துப் பார்க்கும் முறை எல்லாச் சரக்குக்கும் ஒன்றுதான். தெரிந்தவர்களைக் கேட்டும் படித்தும் அறிந்து கொண்டதை வரிசைப்படுத்திச் சொல்கிறோம்.

நம் வீடுகளுக்கு எப்படி வந்தது?

சீனப் பீங்கான் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய பீங்கான்களைக் காணலாம். ஆனால் இன்று நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கடந்த 150 ஆண்டுகளுக்குள் வந்த சரக்கே.

அது வந்த வழிகள் மூன்று. முதலாவது, பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் தொழில் செய்த நம்மவர்கள் கொண்டு வந்தது. செட்டிநாட்டு வீடுகளில் இங்கிலாந்து, ஜெர்மனி, செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் நாட்டுச் சாமான்கள் அடுக்கடுக்காக இருந்தமைக்கு இதுவே காரணம். இரண்டாவது, ஏற்காடு, நீலகிரி போன்ற மலைகளில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது விற்றுச் சென்றது. மூன்றாவது, சென்னைக் கடைகளிலும் ஏலத்திலும் வாங்கியது. எந்த வழியில் வந்தது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆகவே வீட்டில் உள்ள வயதானவர்களிடம் முதலில் கேட்டு, அவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். அவர்கள் காலத்துக்குப் பின் அந்த விவரம் கிடைக்காது.

முதல் சோதனை: எந்த வகைச் சரக்கு?

பீங்கான் என்று நாம் சொல்வதில் நான்கு வகைகள் கலந்திருக்கின்றன.

1. மங்கு: இது பீங்கானே அல்ல. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு ஏற்றியது, எனாமல் என்பார்கள். காந்தத்தை வைத்தால் ஒட்டிக் கொள்ளும். பூச்சு உதிர்ந்த இடத்தில் கறுப்பும் துருவும் தெரியும்.

2. மண் பீங்கான்: வெள்ளை மண்ணைச் சுட்டு மெருகு ஏற்றியது. கனமாக இருக்கும். வெளிச்சம் ஊடுருவாது. தட்டினால் மந்தமான ஓசை வரும். உடைந்த வாயில் தண்ணீர் உறிஞ்சும். இங்கிலாந்திலிருந்து வந்த நீல வெள்ளைத் தட்டுகளில் பெரும்பகுதி இவ்வகையே.

3. கல் பீங்கான்: நம் ஊறுகாய் ஜாடிகள் இந்த இனம். வெளிச்சம் ஊடுருவாது, ஆனால் கெட்டியானது, தண்ணீர் உறிஞ்சாது.

4. உண்மைப் பீங்கான்: தட்டைக் கைபேசி விளக்குக்கு முன் பிடித்து, நடுவில் விரலை வைத்தால் மறுபுறம் விரலின் நிழல் தெரியும். விரலால் மெல்லச் சுண்டினால் மணி போல் ஒலிக்கும். இதிலேயே எலும்புச் சாம்பல் ஏறக்குறைய பாதி சேர்த்துச் செய்வது போன் சைனா. இது இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் முழு வடிவம் பெற்றது. போன் சைனாவில் ஊடுருவும் வெளிச்சம் பால் நிறமாகவும், சீன, ஜெர்மன் பீங்கானில் சற்றே நீலம் அல்லது சாம்பல் கலந்தும் தெரியும்.

சைவ உணவுப் பழக்கமுள்ள வீடுகள் பலவற்றில் போன் சைனாவைப் பூசைக்கும் சமையலுக்கும் சேர்ப்பதில்லை. எனவே விற்கும்போதும் பிரிக்கும்போதும் வகையைச் சொல்லிவிடுவது நாணயம்.

இரண்டாம் சோதனை: அடிப்பக்க முத்திரை

தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். முத்திரை என்பது நம் பில்லில் உள்ள கடைப்பெயர் போன்றது. அதில் உள்ள நாட்டின் பெயரே காலத்தைச் சொல்லும்.

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அங்கு இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆகவே 'இங்கிலாந்து' என்று வெறும் நாட்டுப் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் பொதுவாக 20ஆம் நூற்றாண்டு.

ஜப்பான் சரக்கில் 1921 வரை 'நிப்பான்' என்ற பெயர் செல்லும். அதன்பின் அமெரிக்கச் சுங்கத்துறை 'ஜப்பான்' என்று போடச் சொன்னது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்றுமதியான சரக்கில் 'ஆக்குப்பைட் ஜப்பான்' என்ற முத்திரை 1952 வரை வந்தது. 1904ல் தொடங்கிய நோரிடேக் கம்பெனியின் முத்திரையில் மாலைக்கு நடுவே 'எம்' எழுத்து இருந்தால் பழையது. 'என்' எழுத்து இருந்தால் 1953க்குப் பிந்தியது.

'செக்கோஸ்லோவாகியா' என்ற நாடு 1918ல் பிறந்து 1992 இறுதியோடு மறைந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. 'ஸ்ரீலங்கா' என்றிருந்தால் 1972க்குப் பின். இங்கிலாந்துச் சரக்கில் வைர வடிவக் கட்டம் இருந்தால், அந்த வடிவம் 1842 முதல் 1883 வரையான காலத்தில் பதிவு செய்யப்பட்டது. வெறும் பதிவு எண் இருந்தால் 1884க்குப் பின். ஆனால் பதிவு எண் வடிவம் பதிவான ஆண்டையே சொல்லும். அதே வடிவத்தை இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் செய்திருக்கலாம்.

'மைக்ரோவேவுக்கு ஏற்றது', 'பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஏற்றது' என்று இருந்தால் பாட்டனார் கதையை மறந்துவிடலாம்.

முத்திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜெர்மனியின் மைசன் ஆலை 1710ல் தொடங்கியது. அதன் குறுக்கு வாள் முத்திரையைப் பலர் போலியாகப் போட்டிருக்கிறார்கள். சீனாவில் முந்தைய அரசர்களின் பெயரை மரியாதைக்காகப் பிற்காலச் சரக்கிலும் எழுதுவது வழக்கம். 1662 முதல் 1722 வரை ஆண்ட காங்சி அரசரின் பெயர் பொறித்த தட்டுகள் 19ஆம் நூற்றாண்டிலும் செய்யப்பட்டன. முத்திரையும் சரக்கும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் சோதனை: கைவேலையா, அச்சா?

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கையால் வரைந்ததில் தூரிகைக் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும்; ஒரு பூ போல் இன்னொரு பூ இராது. பழைய தாமிரத் தகட்டு அச்சில் கரை வேலைப்பாடு சேரும் இடத்தில் ஒட்டுத் தெரியும். செய்தித்தாள் படம்போல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பிற்கால அச்சு.

தட்டின் அடி வளையத்தில் மெருகு இல்லாத இடத்தைப் பாருங்கள். பல ஆண்டு புழங்கிய தட்டில் அங்கே தேய்வு இயல்பாக, மேடான இடத்தில் அதிகமாக இருக்கும். பழமை காட்டுவதற்காகச் சாயமோ தேயிலைத் தண்ணீரோ பூசியிருந்தால் கறை பள்ளம் மேடு பாராமல் ஒரே சீராக இருக்கும்.

நான்காம் சோதனை: பழுது

பீங்கானில் விலையைக் குறைப்பது வயதல்ல, பழுதுதான். விளிம்பில் சில்லு, மயிரிழைக் கீறல், தேய்ந்த தங்கக் கரை, ஒட்டிய உடைவு என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொள்ள வேண்டும். சுண்டும்போது மணி ஓசை வராமல் 'டொக்' என்றால் எங்கோ கீறல் இருக்கிறது.

இதில் நம் கடைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கள்ளநோட்டுப் பார்க்க நாம் வைத்திருக்கும் நீல ஊதா விளக்கை இருட்டில் தட்டின் மேல் காட்டினால், பசை வைத்து ஒட்டி வர்ணம் பூசிய இடம் பெரும்பாலும் தனி நிறத்தில் ஒளிரும்.

விலை என்பது மூன்று விலை

இதுதான் குடும்பங்களில் சண்டை வரும் இடம். ஒரே தட்டுக்கு மூன்று விலை உண்டு. அதே போன்ற ஒன்றைக் கடையில் தேடி வாங்க ஆகும் விலை ஒன்று. அவசரமில்லாத இருவர் பேசி முடிக்கும் விலை இரண்டு. உடனே ரொக்கம் வேண்டுமென்றால் பழம்பொருள் வியாபாரி தரும் விலை மூன்று. மூன்றாவது எப்போதும் குறைவு. அவர் முதல் முடங்கும், உடைந்தால் நட்டம், ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். நாம் மிளகு பிடித்துக் கிடங்கில் வைப்பது போலத்தான். ஆகவே அவர் பாதி விலைக்கோ அதற்கும் குறைத்தோ கேட்டால் வியப்பதற்கில்லை. ஆனால் எது பாதி என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் கேட்பு விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. விற்று முடிந்த விலை எது என்று பார்க்க வேண்டும். ஏல நிறுவனங்கள் பல அதை வெளியிடுகின்றன.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். மேல்நாடுகளிலேயே பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய செட்டுகளுக்குக் கிராக்கி குறைந்துவிட்டது. பழசு என்பதாலேயே விலை வந்துவிடாது. அரிதாக இருக்க வேண்டும். பழுதில்லாமல் இருக்க வேண்டும். கேட்க ஆள் இருக்க வேண்டும். முழு செட்டுக்கு ஒரு விலை. அதையே உதிரியாக்கினால் கூட்டுத் தொகை அந்த விலைக்கு வராது. மூடி போன சூப் பாத்திரம் கைப்பிடி போன படியைப் போன்றது.

குண்டனி நாட்டுப் பெட்டியில் இருந்தது என்ன?

பெட்டியில் மொத்தம் 46 உருப்படிகள். வகை பிரித்தோம்.

ஒன்பது உருப்படிகளில் காந்தம் ஒட்டியது. அவை ஸ்வீடன் நாட்டு முத்திரையுள்ள மங்குச் சாமான்கள். எட்டு, இங்கிலாந்து மண் பீங்கான். நாட்டுப் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. ஐந்தில் மயிரிழைக் கீறல். இருபத்து மூன்று, ஜப்பான் பீங்கான். மாலைக்குள் 'எம்' எழுத்தும் 'மேட் இன் ஜப்பான்' என்ற சொல்லும் இருந்தன. அதாவது 1921க்குப் பிந்தியது, 1953க்கு முந்தியது. ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது 1942 மார்ச்சில். பாட்டனார் அதற்கு முன்பே ஊர் திரும்பியவர் என்பதால், குடும்பத்தில் சொல்லி வந்த கதையும் முத்திரையும் ஒத்துப் போயின.

மிச்சம் ஆறு தட்டுகளில் 'மேட் இன் ஸ்ரீலங்கா' என்றிருந்தது. நோரிடேக் கம்பெனிக்கு இலங்கை மாத்தளையிலும் ஆலை உண்டு. 1972க்குப் பிந்திய தட்டைப் பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டு வந்திருக்க முடியாது. இதைச் சொன்னதும் தாயார் சிரித்துவிட்டார். கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தமக்குக் கொடுத்தது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜப்பான் செட்டில் பெரிய தட்டு பத்து, சூப் தட்டு ஆறு, சிறு தட்டு ஐந்து, நீள்வட்டத் தாம்பாளம் ஒன்று, மூடியுள்ள பாத்திரம் ஒன்று. ஐந்து பேருக்கு முழு செட் அமைகிறது. மூன்று பங்காகப் பிரித்தால் எவருக்கும் செட் அமையாது.

வெளியூர்க்காரர் பெட்டியோடு கேட்டதற்குக் காரணமும் தெரிந்தது. அவர் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தது மங்குச் சாமான்களைத்தான் என்று தாயார் சொன்னார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஸ்வீடன், ஜப்பான் நாட்டு மங்குச் சாமான்களைத் தேடி வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் வீடுகளில் மாட்டுக்குத் தவிடு வைக்க எடுத்துப்போட்ட பாத்திரம் அங்கே கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

இளையவர் நினைத்தது போல் லட்சங்களும் இல்லை. மூத்தவர் நினைத்தது போல் எவர்சில்வருக்குக் கொடுக்கிற சரக்கும் இல்லை. விற்று முடிந்த விலைகளை வைத்து ஒரு பட்டியல் எழுதி மூவரிடமும் ஒவ்வொரு படி கொடுத்தோம். செட்டாக இல்லாத மங்குச் சாமான்களை ஆளுக்கு மூன்றாக எடுத்துக் கொண்டார்கள். இங்கிலாந்துத் தட்டுகள் நடுவருக்குப் போயின. ஜப்பான் செட் உடையாமல் தாயார் இருக்கும் மூத்தவர் வீட்டிலேயே இருந்தது. அதன் மதிப்பில் மற்ற இருவர் பங்கும் கணக்கில் நேர் செய்யப்பட்டது. இலங்கைத் தட்டு ஆறும் தாயாருக்கே. பீங்கானைத் தாண்டிப் பாகப் பிரிவினை நடந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டுப் பழம்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறாண்டுகளுக்குக் குறையாத கலை, கைவினை, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள் பழம்பொருள் எனப்படும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. அதை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். ஆகவே கடையில் ஓர் அலமாரியில் வைத்து விற்கலாமே என்று எண்ணும் உறுப்பினர்கள் முதலில் இந்திய தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். வெளிநாட்டில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ அனுப்புவதாக இருந்தாலும் பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழ் அத்துறையிடம் பெறலாம்.

உறுப்பினர்கள் நினைவிற் கொள்ள வேண்டியவை

1. விலை தெரியும் வரை எதையும் கொடுக்க வேண்டாம். இன்று மட்டும்தான் இந்த விலை என்று சொல்பவரிடம் நாளை வரச் சொல்லுங்கள்.

2. மொத்தமாகக் கேட்டால் உருப்படி வாரியாக விலை கேளுங்கள். எதற்கு அவர் கூடுதல் விலை சொல்கிறார் என்று பார்த்தால் அவர் கண் எதன் மேல் என்பது தெரியும்.

3. ஒவ்வொன்றையும் முன்புறமும் அடிப்புறமும் படம் எடுத்து, அளவு, முத்திரை, பழுது ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். குறைந்தது இருவரிடம் விலை கேளுங்கள். மதிப்பிடுகிறவரே வாங்குகிறவராகவும் இருந்தால் அவர் சொல்லும் விலையை மட்டும் நம்ப வேண்டாம்.

4. வெந்நீரில் ஊற வைப்பது, புளி போட்டுத் தேய்ப்பது, நார் போட்டு உரசுவது கூடாது. தங்கக் கரையும் மேல் வர்ணமும் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

5. பழைய வர்ணங்களில் ஈயம் சேர்ந்திருக்கலாம். ரசம், ஊறுகாய், தயிர், பழரசம் போன்ற புளிப்புப் பொருள்களை அவற்றில் வைத்துப் புழங்க வேண்டாம். தங்கக் கரைத் தட்டை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது.

6. அடுக்கி வைக்கும்போது தட்டுக்குத் தட்டு துணி அல்லது காகிதம் வையுங்கள். வண்டியில் ஏற்றும்போது படுக்க வைத்து அடுக்காமல், விளிம்பில் நிறுத்தி இடையில் வைக்கோல் திணித்தால் அதிர்ச்சி தாங்கும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் நம் சாலைக்கு இது மிகவும் அவசியம்.

7. பாகம் பிரிக்கும்போது செட்டைப் பிரிக்காதீர்கள். செட்டை ஒருவருக்குக் கொடுத்து, மதிப்பை மற்றவர்களுக்குக் கணக்கில் நேர் செய்யுங்கள். எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. விற்பதா, வைத்துக் கொள்வதா என்பது அவரவர் வீட்டு நிலையைப் பொறுத்தது. பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்க வேண்டி வந்தால் அதில் குறையொன்றும் இல்லை. பெரியவர்கள் தேடி வைத்தது பிள்ளைகளுக்கு உதவத்தான். ஆனால் எடை தெரியாத மூட்டையை எந்த வியாபாரியும் விலை பேச மாட்டான். நம் வீட்டுப் பரணில் இருப்பதற்கும் அதே நியாயம்தான். முதலில் இறக்கி, துடைத்து, எண்ணி, எழுதி வையுங்கள். விலையை அப்புறம் பேசலாம்.